‘அங்கிள் சைலஸ்’: ஞாயிறு மாலை பேசுவோம்

நண்பர்களே, ஐரிஷ் எழுத்தாளர் லெ ஃபனுவின் ‘அங்கிள் சைலஸ்’ நாவல் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். “கதை நகரவே மாட்டேங்குது” என்று பலர் சொல்கிறீர்கள். சரிதான், கதாநாயகி மாட் (Maud) தன் சித்தப்பா சைலஸின் வீட்டுக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய பாதி நாவல் ஆகிவிடுகிறது. ஆனால் இது 1864-ல் டப்ளின் மாத இதழ் ஒன்றில் தொடராக வந்த கதை. மாதம் ஒரு பகுதியாகப் படித்துப் பாருங்கள், அந்த நிதானமே பயத்தை வளர்க்கும். பாடம் சொல்லித்தர வரும் அந்த பிரெஞ்சுக்காரி ஜன்னலுக்கு வெளியே முதலில் தென்படும் இடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூடுவோம். பாதியில் விட்டவர்களும் அவசியம் வாருங்கள், எங்கே விட்டீர்கள் என்று தெரிய வேண்டும். அதுவரை முடிவைப் பற்றி இங்கே யாரும் எழுத வேண்டாம்.