எத்தனை நாளைக்கு மாத்திரைன்னு தமிழ்ல எழுதிக் குடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டு நாய்க்கு எந்த ஷாம்பு நல்லது, எத்தனை நாளைக்கு ஒருக்கா குளிப்பாட்டணும்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லல. ஆனா அந்த நாய் சீக்குல விழுந்து எந்திரிக்க முடியாம கிடக்கும்போது வீட்ல இருக்கிறவங்க என்ன செய்யணும்னு யாரும் எழுத மாட்டேங்கிறாங்க. டாக்டர் ஊசி போட்டு சீட்டு எழுதி அனுப்பிச்சுருவாரு, அது அஞ்சு நிமிஷம், மிச்ச நேரம் பூரா நம்ம வீட்டுத் திண்ணையில தான ஓடுது. அதுல நான் பண்ணுன கூத்தையெல்லாம் சொல்லிட்டு கடைசில ஒரு விஷயம் கேக்கணும், அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் கோவில்பட்டில சின்னதா ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். எங்க நாய் பேரு செவலை. ஜாதி நாய் எல்லாம் கிடையாது, ஏழு வருஷத்துக்கு முன்னாடி மழைல நனைஞ்சுகிட்டு கெடந்த குட்டிய எங்க மவன் ஸ்கூல் பேக்ல போட்டு தூக்கிட்டு வந்துட்டான், புஸ்தகத்தை எல்லாம் கைல வச்சுகிட்டு. இப்ப 18 கிலோ இருக்கான்.

போன வைகாசில மூணு நாளா சோத்தை மோந்து பாத்துட்டு திரும்பிப் படுத்துகிட்டான். காதைத் தொட்டா கொதிக்குது. காதுக்குள்ள, கால் விரல் இடுக்குல எல்லாம் உண்ணி. கால்நடை ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனோம், டாக்டர் பாத்த உடனே உண்ணிக் காய்ச்சல்னு சொல்லிட்டாரு. எர்லிக்கியான்னு ஒரு கிருமி, உண்ணி கடிக்கும்போது ரத்தத்துல ஏறி வெள்ளை அணுவுக்குள்ள போய் உக்காந்துக்கும், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு மளமளன்னு இறங்கும், இதெல்லாம் பின்னாடி தான் எனக்கு தெரிஞ்சுது. அன்னைக்கு ஒரு ஊசி, ஒரு சீட்டு, அவ்வளவு தான். சீட்டுல டாக்சிசைக்ளின் 100 எம்ஜி, காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு. அதுக்குப் பக்கத்துல ஒரு கிறுக்கல். மெடிக்கல்ல இருந்த தம்பிக்கும் அது புரியல, எனக்கும் புரியல, "ஒரு ஸ்ட்ரிப் போதுமாக்கா?"ன்னு கேட்டான், நானும் போதும்னுட்டேன். ஒரு ஸ்ட்ரிப்னா பத்து மாத்திரை, அஞ்சு நாள். நாலாம் நாளே செவலை எந்திரிச்சு கோழிய விரட்டிட்டான், சரி ஆயிருச்சுன்னு நாங்களும் விட்டுட்டோம்.

அந்தக் கிறுக்கல் என்னன்னா 28 நாள்.

மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் விடியக்காலைல வாசத் தெளிக்க போறேன், திண்ணைச் சுவத்துல, பொங்கலுக்கு வெள்ளையடிச்ச சுவரு, முழங்கால் உயரத்துக்கு செவப்பா புள்ளி புள்ளியா தெறிச்சு கெடக்கு. எவனோ வெத்தலை எச்சில் துப்பிட்டுப் போயிட்டான்னு திட்டிகிட்டே தொடைக்கப் போறேன், அப்ப செவலை தும்முறான், தும்முன தும்முல மூக்குல இருந்து ரத்தம். ஒதட்டைத் தூக்கிப் பாத்தா ஈறு வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப் போயி, வயித்துல ரோமம் இல்லாத எடத்துல குண்டூசி குத்துன மாதிரி செவப்புப் புள்ளி.

திரும்ப ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்து லேபுக்கு குடுத்தோம், தட்டணு 14,000ன்னு வந்துச்சு. நாய்க்கு குறைஞ்சது ரெண்டு லட்சமாவது இருக்கணுமாம். ஹீமோகுளோபின் 5.8, இருக்க வேண்டியது 12க்கு மேல. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "மாத்திரைய பாதில நிறுத்திட்டியாம்மா?" எனக்கு பூமி பொளந்து உள்ள போயிறலாம் போல இருந்துச்சு. இன்னும் இறங்குச்சுன்னா வேற நாய் ரத்தம் ஏத்தணும், அதுக்கு கால்நடை டாக்டருக்குப் படிக்கிற காலேஜுக்குத்தான் போகணும்னாரு. சென்னைக்காரங்களுக்கு வேப்பேரி இருக்கு, 1903ல இருந்து இருக்குற காலேஜ், எங்க பக்கம்னா திருநெல்வேலி ராமையன்பட்டி தான். எங்க வீட்ல அவுக லோடு ஆட்டோ கூட சொல்லி வச்சுட்டாக, கடைசில போக வேண்டி வரல.

டாக்டரைக் குத்தம் சொல்லி இத எழுதலங்க. அன்னைக்கு அவரு முன்னாடி நின்ன கூட்டத்தை நான் பாத்தேன், கன்னு போட முடியாம ஒரு பசு, முப்பது ஆட்டோட ஒரு கீதாரி, சாக்குப்பைக்குள்ள ஒரு சேவல், அத்தனைக்கும் இவரு ஒரே ஆளு. இதுல என்னைய உக்கார வச்சு பாடம் எடுக்க அவருக்கு எங்க நேரம்.

அதுக்கப்புறம் 28 நாள் வீட்ல பாத்தோம் பாருங்க, அதைச் சொல்றேன். முன்னங்கால்ல வென்ஃப்ளான், அதான் டிரிப்ஸ் ஏத்துறதுக்கு நரம்புல சொருகி வைக்கிற சின்னக் குழாய், குத்தி விட்டிருந்தாங்க, தினம் காலைல ஆஸ்பத்திரில டிரிப்ஸ், மிச்ச நேரம் வீடு. வென்ஃப்ளானை நக்கிப் பிச்சுறக் கூடாதுன்னு ஃபைல் அட்டைய வெட்டி கழுத்துல கூம்பு மாட்டி விட்டேன், ஜெராக்ஸ் கடைக்காரிக்கு அட்டைக்கா பஞ்சம், ஆனா அதுவே தப்பாப் போச்சு. தட்டணு கம்மியா இருக்கும்போது கழுத்தை எதுவும் இறுக்கக் கூடாதாம், பெல்ட் கூட போடாதன்னு டாக்டர் கழட்ட சொல்லிட்டாரு, அப்புறம் கால்ல லூசா பேண்டேஜ் சுத்தி பக்கத்துலயே உக்காந்து காவல் காத்தோம். துள்ள விடக்கூடாது, எலும்பு குடுக்கக் கூடாது, திண்ணையில இருந்து குதிச்சு உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா நமக்கு வெளிய தெரியாது, அதனால படுக்கைய தரைக்கு மாத்தியாச்சு. பழைய கம்பளி, மேல பிளாஸ்டிக் சாக்கு, அதுக்கு மேல காட்டன் சேலை. சேலை மட்டும் ஒரு நாளைக்கு நாலு தடவை அலசி போடுவேன். முதல் ஒரு வாரம் அவனால தானா திரும்பிப் படுக்க முடியல, மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா நானும் மவனும் மாத்தி மாத்தி எந்திரிச்சு புரட்டி விட்டோம், இல்லன்னா இடுப்பு எலும்பு துருத்திகிட்டு இருக்குற எடத்துல புண்ணு வந்துரும். அப்படியும் ஒரு ரூபா அளவுக்கு ஒரு எடம் செவந்துருச்சு.

தெர்மாமீட்டர் கதை இன்னொன்னு. பின்னாடி தான் வைக்கணும், முனைல கொஞ்சம் வாசலின் தடவிகிட்டு. மொத நாள் 101.8 காட்டுச்சு, ஐயோ காய்ச்சல்னு ராத்திரி பதினோரு மணிக்கு டாக்டருக்கு போன் போட்டுட்டேன், அவரு தூக்கத்துல இருந்து எந்திரிச்சு பொறுமையா சொன்னாரு, "நாய்க்கு 101ல இருந்து 102.5 வரைக்கும் சாதாரணம்மா, படுத்துத் தூங்கு." பக்கத்துல இருந்தவங்க பாராசிட்டமால் பாதி குடுன்னாங்க, நல்லவேளை குடுக்கல. மனுஷங்க சாப்பிடுற காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் நம்மளா நாய்க்கு குடுக்கக் கூடாதாம், ஈரலைக் கெடுக்கும், சிலது வயித்துல ரத்தக் கசிவை உண்டாக்கும், ஏற்கனவே ரத்தம் உறையாம கெடக்குறவனுக்கு அது போதாதா.

வேற தப்பு பண்ணலையான்னா பண்ணுனேன். மாத்திரைய துப்புறான்னு பால்ல கரைச்சு ஊத்துனேன், ரெண்டு நாள் கழிச்சு தான் தெரிஞ்சுது, பாலோட சேந்தா அந்த மருந்து முழுசா உடம்புல ஏறாதாம். வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுப்பான். கடைசில கண்டுபிடிச்ச வழி, உப்பு போடாம அவிச்ச கோழி ஈரல்ல ஒரு கீறல் போட்டு உள்ள மாத்திரைய சொருகுறது, முதல்ல மாத்திரை இல்லாத துண்டு ஒன்னு, அப்புறம் மாத்திரை வச்சது, யோசிக்க விடாம உடனே மூணாவது துண்டு. அப்புறம் தண்ணி.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு செவலைன்னா உசுரு. ரத்தம் ஊறட்டும்னு நெஞ்செலும்பு சூப் வச்சு தூக்குச்சட்டில கொண்டு வந்தாக, சின்ன வெங்காயம் பூண்டு எல்லாம் தட்டிப் போட்டு, வாசம் தெருவே மணக்குது. அஞ்சு நாளா எதையும் தொடாதவன் தலையைத் தூக்கிப் பாத்தான். எனக்கு அழுகையே வந்துருச்சு, ஒரு கிண்ணம் ஊத்திட்டேன். மறுநாள் டாக்டர்ட்ட பெருமையா சொன்னா அவரு மொகம் மாறிருச்சு. வெங்காயம், பூண்டு ரெண்டும் நாயோட சிவப்பணுவை உடைக்குமாம், இருக்குற ரத்தத்தையும் அழிக்கிற வேலை. இத்தனை வருஷமா மிஞ்சுன குழம்பை சோத்துல பெசஞ்சு வச்சிருக்கோமே சார்னா, "கொஞ்சமா போனதால தப்பிச்சான், இப்ப தாங்க மாட்டான்"னாரு. ஆச்சிட்ட இத எப்படி சொல்றதுன்னு தெரியாம, வெறும் அவிச்ச கறித்தண்ணி போதும் ஆச்சி, டாக்டர் பத்தியம் சொல்லிருக்காருன்னேன். பத்தியம்னதும் ஆச்சி கப்புனு பிடிச்சுகிட்டாக, அதுக்கப்புறம் வேற யாரு என்ன கொண்டு வந்தாலும் வாசல்லயே நிறுத்துனது அவுக தான்.

பன்னெண்டாம் நாளு கறுப்பா வெளிக்கு போனான். கறுப்பா போனா உள்ள ரத்தம் கசியுதுன்னு சொல்லியிருந்தாங்க, கை கால் ஓடல. பாத்தா முந்தின நாள் தான் அயன் டானிக் ஆரம்பிச்சிருக்கோம், அது குடிச்சா கறுப்பா தான் போகுமாம். ஈறு நல்லா இருக்கா பாருன்னாரு டாக்டர். விரலால ஈறை அமுக்கி எடுத்தா வெளுத்த எடம் ரெண்டு செகண்டுக்குள்ள பழைய நிறத்துக்கு வரணும், வந்துச்சு. அன்னைல இருந்து காலைல பல்லு வெளக்குனதும் அவன் ஈறைப் பாக்குறது எனக்கு பழக்கமாயிருச்சு.

வீட்டையும் சும்மா விட முடியாது. ரத்தம் குடிச்சு உப்புன உண்ணி நாய் மேல முட்டை போடாது, கீழ உதுந்து சுவர் வெடிப்புல, காலண்டருக்குப் பின்னாடி, கயித்துக் கட்டில் முடிச்சுல போய் ஆயிரக்கணக்குல போடும், அது பொரிச்சு திரும்ப ஏறும். வெடிப்பெல்லாம் சிமெண்ட் வச்சு அடைச்சோம். செவலை மேல இருந்ததை கொரடால பிடிச்சு இழுத்து சோப்புத் தண்ணில போட்டேன், நசுக்கல. ஒருத்தர் மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை அப்படியே தடவ சொன்னாரு, அதை நக்குனா நாய்க்கே விஷம், அந்தப் பேச்சே வேண்டாம்னுட்டேன்.

"ஒரு நாய்க்குப் போயா இம்புட்டு"ன்னு கேட்டவங்களும் உண்டு, மொத்தம் 6,800 ரூபா செலவு, கடை பாதி நாள் சாத்தியிருந்துச்சு. அவங்களுக்கு நான் பதில் சொல்லல. பதினஞ்சாம் நாள் தட்டணு 90,000. 28ஆம் நாள் ரெண்டு லட்சத்து பத்தாயிரம்.

இப்ப கேக்க வந்தத கேட்டுர்றேன். ஆஸ்பத்திரில சீட்டு குடுக்கும்போது எத்தனை நாள், எதோட குடுக்கணும், எதைக் குடுக்கக் கூடாது, எப்ப திரும்ப தூக்கிட்டு வரணும்னு தமிழ்ல அச்சடிச்ச ஒரு அரைப்பக்கத் தாளும் சேத்து குடுங்க. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, ரெண்டுக்கும் தான் சொல்றேன். ஆயிரம் காப்பி எடுக்க என்ன ஆகும்னு எனக்கு தெரியும், அது என் தொழிலு. அந்த 28ங்கிற நம்பர் அச்சுல இருந்திருந்தா செவலைக்கு ரெண்டாவது தடவை வந்திருக்காது.

கேட்டுட்டு சும்மா இருக்கக் கூடாதுல்ல, நானே ஒரு தாளு டைப் பண்ணி எடுத்துட்டுப் போனேன். டாக்டர் மாட்டுக்கு ஊசி போட்டுகிட்டே படிச்சாரு, பேனாவ வாங்கி மூணு எடத்துல திருத்துனாரு, ஓரத்துல என்னமோ எழுதுனாரு. வீட்டுக்கு வந்து பாத்தா ஒரு எழுத்து கூட புரியல. மறுநாள் திரும்பப் போயி "சார், வாசிச்சுக் காட்டுங்க, நான் எழுதிக்கிறேன்"ன்னேன். சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க, அவரும் சிரிச்சுட்டாரு. நான் தண்ணிய தலையைத் தூக்கிப் பிடிச்சு ஊத்தணும்னு போட்டிருந்தேன், அப்படி ஊத்துனா நுரையீரலுக்குள்ள போயிரும், ஊசி இல்லாத சிரிஞ்சுல கன்னத்து ஓரமா கொஞ்சம் கொஞ்சமா விடணும்னு மாத்தியிருக்காரு. அயன் டானிக்குக்கும் டாக்சிசைக்ளினுக்கும் நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் இடைவெளி வேணுமாம். "28 நாள்"ங்கிறதை இன்னும் பெரிய எழுத்துல போட சொன்னாரு. 100 காப்பி போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கேன், காசு வாங்கல. உங்க பேப்பர்ல போட எடம் இருந்தா தாளை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
செவலை வீட்டுக்காரி,
கோவில்பட்டி