கமகத்துக்கு ஏற்ற கீபோர்டு: வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விரலை அசைத்தால் சுரமும் அசையும் புதுவகை மிடி கீபோர்டுகளைப் (மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறிக்கொள்ளும் பொது முறை) பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். செட்டிநாட்டுப் பகுதியில் வீணையும் கீபோர்டும் கற்றுத் தருபவன் என்ற முறையில், அதில் ஒரே ஒரு கருத்தை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. அழுத்திய சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் என்பது 16,384 படிகளைக் கொண்டது, ஆகவே கமகம், அதாவது சுரத்தின் அசைவு, வழுவழுவென்று வந்துவிடும் என்று கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். எண் சரிதான், அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியன்று.

1983-இல் வந்த மிடி முறையிலேயே பிட்ச் பெண்டுக்கு 14 பிட், அதாவது 14 இரும இலக்கங்கள், ஒதுக்கிவிட்டார்கள். அந்த 16,384 படிகளை எவ்வளவு தூரத்துக்குப் பங்கிடுகிறோம் என்பதே கேள்வி. அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரமே அரைச்சுரம். சாதாரண கீபோர்டில் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்பது வழக்கமான வீச்சு. அதில் ஓர் அரைச்சுரத்துக்கு 4,096 படிகள் கிடைக்கின்றன. 2018-இல் மிடி உற்பத்தியாளர் சங்கம் ஏற்றுக்கொண்ட, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க உதவும் எம்.பி.இ. முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே 48, கீழே 48 அரைச்சுரம் என்பது தொடக்க அளவு. அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்குக்கு ஒரு சென்ட் என்று பெயர். இவ்வளவு பரந்த வீச்சிலும் ஒரு படி அரை சென்டைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். எந்தச் செவிக்கும் அது எட்டாது. இதுவரை கட்டுரையாளர் பக்கமே நியாயம்.

ஆனால் கருவி அனுப்பும் பிட்ச் பெண்ட் செய்தி ஏழு ஏழு பிட்டாக, பெரும்படி, நுண்படி என இரு பகுதிகளாகச் செல்கிறது. விலை குறைந்த சில கருவிகள் பெரும்படியை மட்டும் நிரப்பி, நுண்படியை வெறுமனே விட்டுவிடுகின்றன. அப்போது கையில் மிஞ்சுவது 128 படிகள்தாம். இரண்டு அரைச்சுர வீச்சில் இது மூன்று சென்டுக்கு ஒரு படி என்பதால் ஓரளவு சமாளிக்கலாம். 48 அரைச்சுர வீச்சிலோ ஒரு படி 75 சென்ட் ஆகிவிடுகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது தன் இடத்தில் நிற்கும் சுரமன்று. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே, அதாவது நான்கு அரைச்சுரத் தொலைவில், ஆடிக்கொண்டே இருப்பது. 75 சென்ட் படிகளில் அந்த முழுத் தொலைவுக்கும் ஐந்தாறு படிகள்தாம் தேறும் என்பதால், வழுக்கிச் செல்ல வேண்டிய நாதம் மரப்படிக்கட்டில் இறங்குவதுபோலத் தடதடக்கிறது.

இதைவிட அடிக்கடி நேர்வது வீச்சுப் பொருத்தமின்மை. கருவியில் 48 என்றும், லேப்டாப்பில் ஒலி தரும் சாஃப்ட்வேரில் 2 என்றும் இருந்தால், விரல் ரிஷபத்திலிருந்து மத்திமம் வரை நகர்ந்தாலும் நாதம் 17 சென்டுக்குமேல் நகராது. மாறி இருந்தாலோ, விரல் ஓர் அரைச்சுரம் நகர நாதம் இரண்டு ஸ்தாயி தாவிவிடும். கருவி பழுது என்று எண்ணிக் கடைக்குத் திருப்பி எடுத்துச் சென்ற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். மாற்ற வேண்டியிருந்தது ஓர் எண்ணை மட்டுமே.

எண்ணுக்குள் அடங்காத துல்லியம் ஒன்றும் உண்டு. வீணையில் ரிஷப மெட்டில் விரல் வைத்துக் கம்பியை மத்திமம் வரை இழுக்கும்போது, இழுக்க இழுக்கக் கம்பி விரலை எதிர்த்து நிற்கும். எவ்வளவு எதிர்ப்பில் மத்திமம் வரும் என்பதைச் செவிக்கு முன்பே கை அறிந்துவிடும். ரப்பர் பரப்பில் பக்கவாட்டில் நகரும் விரலுக்கு அத்தகைய எதிர்ப்பு இல்லை. சாதாரண கீபோர்டில் சுரத்தை வளைக்கும் சக்கரத்தில் சுருள்வில்லின் எதிர்ப்பு உண்டெனினும், ரிஷபத்தை அழுத்திக்கொண்டு அதை முழுதும் தள்ளினாலும் நாதம் காந்தாரத்தோடு நின்றுவிடும், மத்திமம் எட்டாது. காரைக்குடி வீணை சகோதரர்களின் பெயரைச் சுமக்கும் மண்ணில் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல நான் தேவையில்லை. கமகம் வராது என்பதை ஒரு காரணமாகக் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. அந்தத் தடை சற்று அதிகப்படி என்றே கருதுகிறேன். குறை சொன்னவர்களின் காது பொய் சொல்லவில்லை.

படிகளின் தடதடப்பை மறைக்கச் சில சாஃப்ட்வேர்கள் நாதத்தை மெழுகிவிடுகின்றன. அளவோடு இருந்தால் நல்லது. மிஞ்சினால், வேகமான கம்பிதத்தில், அதாவது சுரத்தை ஆட்டும் கமகத்தில், காந்தாரம் மத்திமத்தைத் தொடுமுன்பே திரும்பிவிடும், ராகத்தின் முகமே மாறிப்போகும். அசையாத விரலை அருகிலுள்ள அரைச்சுரத்துக்குத் தானாக இழுத்துக்கொள்ளும் வசதியும் பல கருவிகளில் உண்டு. பியானோ பழகியவருக்கு உதவும் அந்த ஏற்பாட்டை நம் மாணவர்கள் முதல் நாளே அணைத்துவிட வேண்டும். 2020-இல் வந்த மிடி 2.0 இதே செய்திக்கு 32 பிட் தருகிறது என்றாலும், மேற்சொன்ன குறைகளில் பெரும்பாலானவற்றை அது தீர்க்காது.

ஆகவே இனி இத்தகைய கருவிகளைப் பற்றி எழுதும்போது, 14 பிட்டும் உண்மையில் அனுப்பப்படுகிறதா, வீச்சை மாற்ற முடியுமா, தானியங்கித் திருத்தத்தை அணைக்க முடியுமா என்பவற்றையும் விலைப்பட்டியலோடு சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைக்குச் செல்லும் பெற்றோர் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லட்டும். இடக்கையில் சட்ஜத்தை அழுத்திப் பிடித்தபடி வலக்கையால் தோடி காந்தாரத்தை ஆட்டச் சொல்லட்டும். சக்கரம் வைத்த சாதாரண கீபோர்டில் சட்ஜமும் சேர்ந்து ஆடும், எம்.பி.இ. கருவியில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வழி இருப்பதால் அது ஆடக் கூடாது. சட்ஜம் இம்மியும் நகராமல், காந்தாரம் மட்டும் மத்திமம் வரை சென்று திரும்பினால் பணத்தைக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
வீணை ஆசிரியர் ஒருவர்,
தேவகோட்டை.