பேப் ரூத் வரும் முன்பே வசேதா

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய பேஸ்பால் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த விளையாட்டைப் பற்றி எழுத முன்வருபவர்கள் மிகக் குறைவு என்பதால் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால், 1934-ல் பேப் ரூத் உள்ளிட்ட அமெரிக்க நட்சத்திரங்கள் வந்து ஆடிய பிறகுதான் ஜப்பானில் பேஸ்பால் வேரூன்றியது என்ற கருத்தை ஏற்க முடியவில்லை. அவர்கள் கப்பலிலிருந்து இறங்கியபோது டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழக அணிக்கு வயது 33. ஜப்பானில் இந்த ஆட்டத்தை வளர்த்தவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களுள் வசேதா மாணவர்கள் செய்ததைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதால் இக்கடிதம் சற்று நீள்கிறது.

ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1872-ல் டோக்கியோவில் தன் மாணவர்களுக்கு பேஸ்பால் கற்றுக்கொடுத்தார். 1896-ல் இச்சிகோ என்ற உயர்கல்விப் பள்ளி மாணவர்கள் யோகஹாமாவில் இருந்த வெளிநாட்டவர் அணியை 29-4 என்று வீழ்த்தினார்கள். நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் மட்டையைக் கையில் எடுத்தது அதன் பிறகுதான். வசேதா அணி 1901-ல் உருவானது. 1903-ல் அந்தப் புதிய அணி, தன்னைவிட மூத்த கெய்யோ பல்கலைக்கழக அணிக்குக் கடிதம் எழுதி ஓர் ஆட்டம் கேட்டது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நடந்த ஆட்டத்தில் கெய்யோ 11-9 என்று வென்றது. இன்றுவரை தொடரும் வசேதா–கெய்யோ ஆட்டங்களின் தொடக்கம் அதுதான்.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத 1905-க்கு வருகிறேன். வசேதா பேஸ்பால் மன்றத்தின் தலைவராக இருந்த பேராசிரியர் அபே இசோ, டோக்கியோவின் வலுவான அணிகளை வென்றால் அமெரிக்காவுக்கு அழைத்துப் போவதாக மாணவர்களிடம் சொல்லியிருந்தார். 1904-ல் அவர்கள் வென்று காட்டினார்கள். அப்போது ரஷ்யாவுடன் போர் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் சொன்ன சொல் தவறாமல் 1905 ஏப்ரலில் யோகஹாமாவிலிருந்து கப்பல் ஏறினார்கள். ஜப்பானிலிருந்து அமெரிக்கா சென்று ஆடிய முதல் பேஸ்பால் அணி அதுதான். மேற்குக் கரையில் 26 ஆட்டங்கள் ஆடி 7-ல் வென்று 19-ல் தோற்றார்கள். பெரும்பாலான ஆட்டங்களில் பந்து வீசியவர் கோனோ அத்சுஷி என்ற ஒரே பிட்சர் (பந்து வீச்சாளர்). 'இரும்புக் கோனோ' என்ற பட்டம் அவருக்கு அங்கேதான் கிடைத்தது.

19 தோல்விகளைப் பார்த்து அந்தப் பயணத்தை வீண் என்று சொல்லிவிட முடியாது. கையுறை, ஸ்பைக் ஷூ, பன்ட், ஸ்லைடிங், வைண்டப் (பந்தை விடும் முன் பிட்சர் உடலையும் கையையும் இயக்கித் தயாராகும் முறை) என்று அவர்கள் கற்றுத் திரும்பியவை ஏராளம். கிரிக்கெட் பார்த்துப் பழகிய நம் வாசகர்களுக்கு இவற்றைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பன்ட் என்பது பந்தை அடிப்பதல்ல, பந்தைச் சாகடிப்பது. பிட்சர் கையிலிருந்து பந்து புறப்படும் நேரத்தில் பேட்டர் மேல் கையை மட்டையின் பாதிவரை நகர்த்தி, மட்டையைக் கிடையாகப் பிடித்துக்கொள்வார். மட்டையை முன்னால் தள்ளக் கூடாது. பந்து வந்து படும்போது இலேசாகப் பின்வாங்கினால், அது வேகமிழந்து பேட்டர் அருகே தரையில் உள்ள ஹோம் பிளேட்டுக்கு முன்னால் சில அடி உருண்டு நிற்கும். அதை யாராவது ஓடிவந்து எடுப்பதற்குள் பேஸில் (ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட்டு வர வேண்டிய இடங்களில் ஒன்றில்) நிற்கும் ஓட்டக்காரர் அடுத்த பேஸுக்குப் போய்விடுவார். மட்டையின் நுனி கையைவிடத் தாழ்ந்தாலோ, பந்தின் அடிப்பாகத்தில் பட்டாலோ, பந்து மேலே எழும்பி, பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் கைக்கே போய்விடும். முன்கூட்டியே ஓடத் தொடங்கிய ஓட்டக்காரரும் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வார்; ஒரே பந்தில் இரண்டு அவுட்.

ஸ்லைடிங்குக்கும் காரணம் இருக்கிறது. முதல் பேஸை மிதித்துவிட்டு நேராக ஓடிப் போய்விடலாம், தவறில்லை. இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் அப்படியல்ல. பேஸைத் தாண்டிக் கால் விலகினால் பந்தால் தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள். அதனால் முழு வேகத்தில் வந்து பேஸிலேயே நிற்க வேண்டும். ஒரு காலை மடக்கி அடியில் வைத்து, இன்னொரு காலை நீட்டி, பின்பக்கமாகச் சரிந்து தரையில் வழுக்கி வருவார்கள். நீட்டிய காலின் ஸ்பைக் மண்ணில் குத்திக்கொண்டால் கணுக்கால் திருகிவிடும் என்பதால் பாதத்தைச் சற்றே தூக்கி வைப்பார்கள். பேஸுக்கு மிக அருகில் வந்தபின் சரிவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. வேகம் குறையாமல் பேஸில் மோதினால் காயம் நிச்சயம்.

இவ்வளவையும் வசேதா தனக்கென்று பதுக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆட்டக்காரர்களின் கேப்டன் ஹாஷிதோ ஷின் ஊர் திரும்பிய அதே ஆண்டில் கற்றவற்றை நூலாக எழுதி வெளியிட்டார். நேற்றுவரை எதிரணியாக இருந்தவர்களும் அதைப் படித்துப் பழகினார்கள். இந்தப் பெருந்தன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகளில் பார்த்த கூட்டு ஆரவாரத்தையும் கொண்டுவந்தார்கள். அதன் விளைவு வேறு மாதிரி ஆனது. 1906 வசேதா–கெய்யோ ஆட்டங்களில் இரண்டு பக்க ஆதரவாளர்களின் உணர்ச்சியும் எல்லை மீறிப்போக, ஆளுக்கொரு வெற்றி என்றிருந்த நிலையில் மூன்றாவது ஆட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் 19 ஆண்டுகள் இரு அணிகளும் ஒன்றோடொன்று ஆடவே இல்லை. 1914-ல் மெய்ஜி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து மூன்று பல்கலைக்கழக லீக் தொடங்கியபோதும், ஒரே லீக்கில் இருந்துகொண்டே வசேதாவும் கெய்யோவும் மோதாமல் இருந்தன! ஹோசெய், ரிக்கியோ பல்கலைக்கழகங்கள் பின்னர் சேர்ந்தன. 1925-ல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆறு பல்கலைக்கழக லீக் உருவான ஆண்டில்தான் வசேதா–கெய்யோ ஆட்டம் மீண்டது.

தொழில்முறை பேஸ்பாலும் 1934-க்குப் பிறகு வந்ததல்ல. 1905 பயணத்தில் இருந்த கோனோ, ஹாஷிதோ ஆகியோர் மற்றொரு வசேதா வீரரான ஒஷிகாவா கியோஷியுடன் சேர்ந்து 1920-லேயே ஜப்பானின் முதல் தொழில்முறை அணியைத் தொடங்கிவிட்டார்கள். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவின் ஷிபாவுரா பகுதியில் இருந்த அவர்களது மைதானம் நிவாரணப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதால்தான் அந்த அணி நிலைக்கவில்லை. 1934 பயணம் 1936-ல் தொடங்கிய தொழில்முறை லீக்குக்கு உந்துதலாக இருந்தது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அப்போது அமெரிக்கர்களை எதிர்த்து ஆடிய ஜப்பான் அணியில் யார் இருந்தார்கள்? வசேதாவின் மிஹாரா ஒசாமு, கெய்யோவின் மிசுஹாரா ஷிகெரு போன்ற முன்னாள் பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள்தாம்.

இந்த இருவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1931 வசேதா–கெய்யோ ஆட்டத்தில் மிசுஹாரா பந்து வீச, மூன்றாவது பேஸில் நின்ற மிஹாரா ஹோம் பிளேட்டையே திருடினார்; அதாவது, பந்து அடிக்கப்படாமலேயே ஓடிவந்து அதைத் தொட்டு ஓட்டம் எடுத்தார். மூன்றாவது பேஸிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 27.43 மீட்டர், பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து 18.44 மீட்டர்தான். பந்தை முந்திக்கொண்டு மனிதக் கால் ஓட முடியாது. பிட்சர் பேட்டரையே பார்த்துக்கொண்டு வீச்சுக்குத் தயாராகும் அந்த நொடிகளில் பாதித் தூரத்தைக் கடந்துவிட்டால் மட்டுமே நடக்கும் காரியம் இது. பிற்காலத்தில் இருவரும் தொழில்முறை அணிகளின் மேலாளர்கள் ஆனார்கள். 1956, 1957, 1958 மூன்று ஆண்டும், இரு தொழில்முறை லீக்குகளின் முதலிட அணிகள் மோதும் ஜப்பான் தொடரில் மிஹாராவின் நிஷிதெத்சு லயன்ஸ் அணி மிசுஹாராவின் ஜயன்ட்ஸ் அணியை வென்றது.

கட்டுரையில் இருந்த இன்னொரு பிழை: 1943-ல் நடந்த போர்க்கால 'கடைசி' வசேதா–கெய்யோ ஆட்டம் ஜிங்கு மைதானத்தில் நடக்கவில்லை. அது வசேதாவின் சொந்த மைதானமான தொத்சுகாவில், அக்டோபர் 16 அன்று நடந்தது. அந்த ஆண்டு லீக் கலைக்கப்பட்டுவிட்டது. மாணவர்களுக்கு இருந்த ராணுவ விலக்கும் நீக்கப்பட்டது. போர்முனைக்குப் போகும் முன் ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்று கெய்யோ தரப்பு கேட்டது. வசேதா நிர்வாகம் தயங்கியது. முன்னாள் பயிற்சியாளர் தொபிதா சுய்ஷு பொறுப்பேற்று ஆட்டத்தை நடத்தினார். கெய்யோ பல்கலைக்கழகத் தலைவர் கொய்சுமி ஷின்சோ, தனக்கு ஒதுக்கிய சிறப்பு இருக்கையை விட்டுவிட்டு மாணவர்களோடு போய் உட்கார்ந்தார். வசேதா 10-1 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் ஒரு பல்கலைக்கழகத்தின் பாட்டை மற்றப் பல்கலைக்கழகத்தார் பாடினார்கள். ஐந்தாம் நாள், அக்டோபர் 21 அன்று, கொட்டும் மழையில் மாணவர்களைப் போருக்கு வழியனுப்பும் அணிவகுப்பு நடந்தது.

1960 இலையுதிர்ப் பருவத்தின் வசேதா–கெய்யோ ஆட்டங்கள் பற்றிய குறிப்பில் 'ஐந்து ஆட்டத் தொடர்' என்று அச்சாகியிருக்கிறது. ஆறு ஆட்டங்கள் நடந்தன. இந்தக் குழப்பத்துக்கு ஆறு பல்கலைக்கழக லீக்கின் கணக்கு முறைதான் காரணமாக இருக்க வேண்டும். வசந்தம், இலையுதிர் என்று ஆண்டுக்கு இரண்டு பருவங்கள். ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் மோதும். ஓர் அணியை இரண்டு முறை வென்றால் ஒரு புள்ளி. ஆகவே அதிகபட்சம் 5 புள்ளிகள். முதலிடம் புள்ளியை வைத்து. புள்ளி சமமானால் வெற்றி விகிதத்தை வைத்து. அதுவும் சமமானால் தனியே முடிவாட்டம். அந்த இலையுதிர்ப் பருவத்தில் வசேதா கடைசி வாரத்தில் கெய்யோவை இரண்டுக்கு ஒன்று என்று வென்றதும், இரு அணிகளும் 4 புள்ளி, 9 வெற்றி, 4 தோல்வி என்று சமமாக நின்றன. முடிவாட்டம் வழக்கமான 9 இன்னிங்ஸைத் தாண்டி 11 இன்னிங்ஸ் போய் 1-1. மறுபடி ஆடியதும் 11 இன்னிங்ஸ், 0-0. மூன்றாவது முறை வசேதா 3-1. ஆக, மூன்றும் மூன்றும் ஆறு.

அந்த ஆறில் ஐந்து ஆட்டங்களை முழுதாக வீசியவர் வசேதாவின் ஆந்தோ மொதோஹிரோ; மொத்தம் 49 இன்னிங்ஸ், 564 பந்துகள், நவம்பர் 6 முதல் 12-க்குள். வசேதா தோற்ற ஒரே ஆட்டம் அவர் அப்படி வீசாத இரண்டாவது ஆட்டம். இதைத் தங்கள் கட்டுரை வீரம் என்று மட்டும் புகழ்ந்திருக்கிறது. பேஸ்பால் பிட்சரின் முழங்கை ஒவ்வொரு பந்துக்கும் மடங்கி, வெளிப்பக்கமாக இழுபட்டு, திடீரென்று நீள்கிறது. உட்பக்கத் தசைநார்தான் அந்த இழுப்பைத் தாங்குகிறது. ஓய்வில்லாமல் வீசினால் அது நைந்து, கடைசியில் கிழியும். இன்றைய ஜப்பான் தொழில்முறை அணிகளில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் பொதுவாக வாரத்துக்கு ஒரு முறைதான் வீசுகிறார். ஆந்தோ ஒரு வாரத்தில் ஐந்து முறை வீசினார். அவரைப் போற்றும்போது இதையும் சேர்த்து எழுதியிருந்தால், நம் ஊர்ப் பள்ளிகளில் பதினான்கு வயதுப் பையன்களை நாள் முழுக்கப் பந்து வீச வைப்பவர்கள் கண்ணிலும் பட்டிருக்கும்.

1949-ல் அபே இசோ மறைந்தபின் தொத்சுகா மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1987-ல் அது மூடப்பட்டு, அந்த இடத்தில் இன்று பல்கலைக்கழகத்தின் மைய நூலகம் நிற்கிறது. கட்டுரையோடு வெளியான காலவரிசைப் பெட்டி 1934-ல் தொடங்குகிறது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது 1872, 1896, 1903, 1905, 1920 ஆகிய ஆண்டுகளையும் அதில் சேர்த்து, 1943-க்கு எதிரே மைதானத்தின் பெயரையும் 1960-க்கு எதிரே ஆட்டங்களின் எண்ணிக்கையையும் மாற்றி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி.