218 தவணை பாக்கி என்று யாரும் தமிழில் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டுக் கடன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடனைச் சீக்கிரம் அடைக்க நினைக்கும் இளம் தம்பதிகள் வெளியே டீ குடிப்பதை நிறுத்த வேண்டும், சினிமாவைக் குறைக்க வேண்டும், ஓட்டல் பக்கம் போகக் கூடாது என்று எழுதியிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் 2023 மே மாதத்திலிருந்து கடனைச் சீக்கிரம் அடைக்கும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். எங்கள் பணம் டீக்கடையில் போகவில்லை. அது போன இடம் எங்களுக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நான் அவிநாசியில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை. 2021 மார்ச்சில் இரண்டேகால் சென்ட் இடத்தில் கட்டி முடித்திருந்த ஒரு சின்ன வீட்டை வாங்கினோம். என் நகையில் பாதியை விற்று, அவருடைய பி.எஃப். பணத்தையும் எடுத்துப் போட்டது போக 22 லட்சம் கடன். வட்டி 7 சதவீதம், 15 வருடம், மாதத் தவணை 19,774 ரூபாய். அதுவரை வாடகை 7,500 கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய தொகைதான். ஆனாலும் 180 மாதம் கட்டினால் முடிந்துவிடும், பையன் பத்தாவது படிக்கும்போது வீடு நம்முடையது என்று கணக்குப் போட்டுக்கொண்டோம்.

2023 ஏப்ரலில், கைப்பேசி எண்ணை மாற்றிக் கொடுக்க வங்கிக்குப் போனேன். பேச்சுவாக்கில், இன்னும் எத்தனை தவணை இருக்கிறது என்று கேட்டேன். 156 என்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், சும்மாதான் கேட்டேன். அந்த அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். 218 என்று இருந்தது.

15 வருடக் கடனில் இரண்டு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய பிறகு, இன்னும் 18 வருடம் 2 மாதம் பாக்கி! வேறு யாருடைய கணக்கையோ பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்டேட்மென்ட் வாங்கி வந்து இரவு உட்கார்ந்து கூட்டினேன். 24 தவணையில் நாங்கள் கட்டியது 4,74,576 ரூபாய். அசலில் கழிந்தது 1 லட்சத்து 51 ஆயிரத்துச் சொச்சம். முதல் மாதம் கட்டிய தவணையில் 6,941 ரூபாய் அசலுக்குப் போயிருந்தது. அந்த ஏப்ரலில் அசலுக்குப் போனது 3,558 ரூபாய்தான்.

காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. எங்கள் கடன் வட்டி அதோடு இணைக்கப்பட்டது, 7 ஆக இருந்தது 9.5 ஆகிவிட்டது. வங்கி தவணையைத் தொடாமல் மாதங்களை மட்டும் நீட்டிவிட்டது. மாதா மாதம் அதே 19,774 போவதால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வங்கி சொல்லவே இல்லையா என்றால், சொல்லியிருக்கிறது. நான்கு எஸ்.எம்.எஸ்., நான்கும் ஆங்கிலத்தில், ஒவ்வொன்றும் இரண்டு வரி. விளம்பரச் செய்திகளோடு சேர்ந்து எப்போதோ கீழே போய்விட்டன. கடையின் டேலி கணக்கு மென்பொருளில் ஒரு ரூபாய் பிசகினால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிறவள் நான். என் கடன் கணக்கை இரண்டு வருடம் திறந்தே பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்புறம்தான் வரவு செலவு நோட்டுப் போட்டோம். சேமிப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் முதலில் பார்த்தோம். அதே வங்கியில் மாதம் 5,000 ரூபாய் ஆர்.டி. (தொடர் வைப்பு) போட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் எங்களுக்குக் கொடுத்தது 6 சதவீதச் சொச்சம், நாங்கள் அவர்களுக்குக் கொடுத்தது 9.5. நகைச் சீட்டு 4,000. வீட்டுக்காரரின் பைக் கடன் அந்த மாதம்தான் முடிந்திருந்தது, அதில் 3,000. மூன்றும் சேர்ந்தால் 12,000. இதில் ஒரு டீகூட இல்லை. ஆர்.டி.யில் அதுவரை சேர்ந்திருந்த ஒரு லட்சத்தை ஆத்திர அவசரத்துக்கு என்று அப்படியே விட்டுவைத்தோம். மாதம் 12,000 கூடுதலாகக் கட்டுவது, தீபாவளி போனஸ் இரண்டு பேருக்கும் வந்ததும் பண்டிகைச் செலவு போக 60,000 கட்டுவது என்று முடிவு செய்தோம்.

கட்டினோம். மூன்று மாதம் கழித்து ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் அசல் அதே வேகத்தில்தான் குறைகிறது. எங்கள் 36,000 ரூபாய் முன்பணத் தவணை என்று ஓரமாக நிற்கிறது. அதாவது பணம் அவர்களிடம் இருக்கிறது, வட்டி மட்டும் முழு அசலுக்கும் ஓடுகிறது. பகுதி அசல் செலுத்துகிறோம், மாதத்தைக் குறையுங்கள், தவணையைக் குறைக்க வேண்டாம் என்று தனியாக எழுதிக் கொடுத்தால்தான் அசலில் கழிப்பார்களாம். அதைச் சொல்லாமல் மூன்று மாதம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு ஓர் ஊழியர், வருடத்துக்கு ஒருமுறைதான் இப்படிக் கட்டலாம், மீறினால் கட்டணம் உண்டு என்றார். தனிநபர்கள் ப்ளோட்டிங் வட்டியில், அதாவது ஏறி இறங்கும் வட்டியில், வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. அதைக் குறிப்பிட்டு ஒரு புகார்க் கடிதம் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொண்டு, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்று வாயாலும் சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள், கட்டிய தேதியிலிருந்தே அசலில் கழித்துக் கொடுத்தார்கள். வங்கியின் பெயரை எழுதப் போவதில்லை. நாளைக்கும் அந்தக் கவுன்டரில்தான் நான் போய் நிற்க வேண்டும்.

வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கடனைச் சீக்கிரம் கட்டினால் வரிச் சலுகை போய்விடும் என்றார் வீட்டுக்காரரின் சித்தப்பா. வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத எங்களுக்கு எந்தச் சலுகை போகப்போகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நகைச் சீட்டை நிறுத்தியதில் அத்தைக்கு மனத்தாங்கல். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே பிறகு தெரிந்தது. நாங்கள் சீட்டை நிறுத்தியபோது பவுன் 45 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. 2025 டிசம்பரில் லட்சத்தைத் தாண்டியது. அன்று பேப்பரை மடித்து என் முன்னால் வைத்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேன், கேட்டியா கண்ணு?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கணக்கில் பார்த்தால் அத்தைதான் ஜெயித்தார். ஆனால் 218ஐப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அன்று பவுன் கண்ணில் படவில்லை.

செலவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் டவுன் பஸ்ஸில் போகிறேன், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரெண்டாவது வண்டி வாங்கவில்லை. பையனின் யு.கே.ஜி. கட்டணத்துக்கு ஜனவரியிலிருந்தே தனி உறையில் எடுத்து வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டனை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நாலாவது மாதமே இந்தத் திட்டம் முடிந்துபோயிருக்கும், வீட்டுக்காரரை எனக்குத் தெரியும்.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூரில் அது என்ன செய்தது என்று உங்கள் பேப்பரே எழுதியிருக்கிறது. வீட்டுக்காரரின் கம்பெனியில் பாதிக்கு மேல் அமெரிக்க ஆர்டர். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் அவருக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது. கூடுதல் கட்டுவதை அந்த இரண்டு மாதமும் நிறுத்தினோம், ஆர்.டி. பணத்தில் கை வைத்தோம், தீபாவளிக்கு 60,000க்குப் பதில் 30,000தான் கட்ட முடிந்தது. அந்த ஒரு லட்சத்தையும் ஆசையில் 2023லேயே கடனில் கட்டியிருந்தால் தவணையே தவறியிருக்கும். கட்டுரையில் அவசரக் கையிருப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது.

2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ இறங்கி, டிசம்பரில் 5.25க்கு வந்தது. எங்கள் வட்டி இப்போது 8.25. வட்டி குறைந்தபோது, தவணையைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கிளையிலிருந்து போன் செய்தார்கள். பாதிச் சம்பள மாதத்தில் அது கேட்க இனிமையாகத்தான் இருந்தது. வேண்டாம், அதே 19,774ஐ எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி ஏறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் சேர்த்தா என்று கடன் வாங்கியவர் தேர்ந்தெடுக்க வழி செய்ய வேண்டும். பகுதியாகவோ முழுதாகவோ எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டிக் கட்ட அனுமதிக்க வேண்டும். ஒவ்வொரு காலாண்டும் ஒரு அறிக்கை தர வேண்டும்: இதுவரை வசூலான அசலும் வட்டியும், தவணைத் தொகை, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம். இந்த அறிக்கை எளிமையாக, கடன் வாங்கியவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எங்களுக்கு அது ஆங்கிலத்தில் வருகிறது. வங்கிச் செயலியில் நாலு இடம் தட்டி உள்ளே போய் இறக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக் கடன் வாங்கிய பதினொரு வீடுகளில் கேட்டேன். இரண்டு வீட்டில்தான் மீதித் தவணை எத்தனை என்று சொன்னார்கள். ஒரு டெய்லர் அண்ணன் 2022க்கு முன்பு வாங்கியவர், இன்னும் பழைய அட்டவணையைத்தான் பீரோவில் வைத்திருக்கிறார். அவருக்குப் புரியும்படி என்றால் அது தமிழில்தான் இருக்க முடியும். ஒரே ஒரு தாள், ஐந்து வரி. அதைத் தமிழில் ஏன் தரக் கூடாது?

இன்னொன்று. கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா போன வருடம் கடனை முடித்தார். பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற விதி இருப்பதால் பத்திரம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி.யை, அதாவது பத்திரத்தை வங்கியில் அடமானமாக வைத்ததற்கான பதிவை, ரத்து செய்ய வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டால் அதில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கிறது. இதையும் அந்தத் தாளில் ஆறாவது வரியாகச் சேர்க்கலாம்.

இன்றைக்கு எங்கள் அசல் பாக்கி 13 லட்சத்து 26 ஆயிரத்துச் சொச்சம். பழைய கணக்குப்படி போயிருந்தால் 2026 ஜனவரியில் 123 தவணை இருக்க வேண்டும். வங்கி அறிக்கையில் 90 என்று இருக்கிறது. கூடுதல் 12,000ஐத் தொடர்ந்து கட்டினால் 50. வீட்டுக்காரர் சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் ஆறாம் தேதிக் கட்டத்தில் இரண்டு எண்களையும் எழுதி வைக்கிறார்.

அடுத்த முறை வீட்டுக் கடன் கட்டுரை போடும்போது, டீ கிளாஸ் படத்துக்குப் பதில் அந்தக் காலாண்டு அறிக்கையின் மாதிரி ஒன்றைத் தமிழில் அச்சிடுங்கள். வெட்டி எடுத்துக்கொண்டு போய் வங்கியில் காட்டி, எனக்கும் இப்படி ஒன்று கொடுங்கள் என்று கேட்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
நூல் கடைக் கணக்கு எழுதும் ஒரு வாசகி,
அவிநாசி