அட்ரீனல் கட்டிகளும் மரபணு ஆய்வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகளின் கட்டிகளை, எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் மரபணு வெளிப்பாட்டுப் பகுப்பாய்வின் மூலம் வகைப்படுத்துவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அது ஆராய்ச்சிக்கூடத்துக்கு மட்டுமே உரிய முயற்சி என்ற தொனி அதில் தெரிந்தது. நோயாளிக்கு நேரடியாகத் தேவைப்படும் முயற்சி என்பதே என் கருத்து. சுரப்பியின் வெளிப்பகுதியான புறணியில் தோன்றும் கட்டி புற்றுநோயா என்பதை, நுண்ணோக்கியில் தெரியும் 9 அடையாளங்களைக் கணக்கிடும் வைஸ் அளவுகோலைக் கொண்டே பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் புற்றுநோய். நோய்க்கூறியல் ஆய்வகத்தில் பணியாற்றும் நான், ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்த்த அனுபவமிக்க இரு மருத்துவர்கள், செல்பிரிவுகளை எண்ணுவதில் வேறுபட்டு, மொத்த அடையாளங்களை ஒருவர் 2 என்றும் மற்றவர் 3 என்றும் எழுதியதைக் கண்டிருக்கிறேன்.

அத்தகைய ஐயத்தில் மரபணு வெளிப்பாடு பெருந்துணையாகும். புறணிப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் ஐஜிஎஃப்2 மரபணு மிகையாக இயங்குகிறது. பியுபி1பி, பிங்க்1 ஆகிய இரு மரபணுக்களின் வெளிப்பாட்டைச் சேர்த்து அளந்தால் நோயின் போக்கையே ஓரளவு கணிக்கலாம் என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே வரும் இந்நோயில் எந்த மருத்துவமனையும் தனித்துப் போதிய மாதிரிகளைத் திரட்ட இயலாது. பதப்படுத்துவதற்காக ஃபார்மலின் திரவத்தில் இட்ட திசுவிலோ, மரபணு வெளிப்பாட்டை அளக்கத் தேவையான ஆர்.என்.ஏ. மூலக்கூறு பெரிதும் சிதைந்துவிடுகிறது. எனவே, நோயாளியின் ஒப்புதலோடு, அகற்றிய கட்டியிலிருந்து நோயறிதலுக்குக் குறைவு வராதபடி ஒரு சிறு துண்டை உடனே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பல மருத்துவமனைகளுக்கும் பொதுவான திசு வங்கியில் சேர்ப்பதை அறுவை சிகிச்சையின் வழக்கமான நடைமுறையாக்க வேண்டும்.