அத்தையின் நெற்றியில் ஒரு பொத்தல்

குடியாத்தம், காட்பாடி, ஆற்காடு, வாலாஜா பக்கம் ப்ளெக்ஸ் டிசைன் செய்யும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தொழில்தான். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் தூங்காமல் பேனர் அடித்தவன். அதனால் இதை வெளியாள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன மாதம் என் அத்தை தவறிவிட்டார். நான் ஊரில் இல்லை. அத்தை மகன் அவசரத்துக்கு ஒரு கடையில் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்துக் கட்டிவிட்டான். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். நான் போய் இறங்கியதும் கண்ணில் பட்டது அந்த பேனர்தான். அத்தை எப்போதும் பட்டையாகத் திருநீறு பூசுவார். அந்த மூன்று பட்டையும் இருந்த இடத்தில் நீல வானமும் மேகமும் தெரிந்தது. உச்சி முடி எலி கடித்த மாதிரி. சிரித்த வாயில் இரண்டு பல் போய், அங்கேயும் வானம்.

பார்த்தவுடனே புரிந்துவிட்டது. வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்த படம். ஒரே மாதிரி நிறத்தை மொத்தமாகப் பிடிக்கும் மேஜிக் வாண்ட் டூலை எடுத்து சுவரில் ஒரு கிளிக், அப்புறம் டெலீட். போட்டோஷாப் தானாகத் தரும் டாலரன்ஸ் 32, அதை மாற்ற யாருக்கு நேரம்? ஆனால் அந்த டூலுக்குச் சுவரும் தெரியாது, அத்தையும் தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள், அவ்வளவுதான். சுவர் 240 என்றால், அதற்கு 32 முன்னே பின்னே இருப்பதெல்லாம் அதன் கணக்கில் சுவர். நரைமுடி 220 இருந்தாலே போச்சு. அதிலும் ‘கன்டிக்யுவஸ்’ டிக் எடுத்திருந்தால், சுவரோடு ஒட்டாமல் நடுவில் இருக்கும் வெள்ளையும் சேர்ந்து போகும். திருநீறு போனது அப்படித்தான்.

சாவு வீட்டு வேலையை அரை மணி நேரத்தில் கேட்பார்கள், தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: பேக்ரவுண்ட் எடுக்கும்போது டெலீட் பட்டனைத் தொடாதீர்கள். செலக்ட் செய்ததும் மாஸ்க் போடுங்கள், அது படத்தை அழிக்காமல் மறைக்கும் திரை. மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை திரும்பக் கொண்டுவரும். வெள்ளை பிரஷ்ஷால் நெற்றியில் மூன்று இழுப்பு இழுத்திருந்தால் அத்தையின் திருநீறு திரும்பியிருக்கும். பத்து விநாடி வேலை.

புது வெர்ஷனில் ‘ரிமூவ் பேக்ரவுண்ட்’ என்று ஒரே பட்டன் இருக்கிறது. நானும் அதில்தான் ஆரம்பிக்கிறேன். அது எதையும் அழிப்பதில்லை, மாஸ்க் போட்டுத்தான் தருகிறது. ஆனால் அதோடு எழுந்து டீ குடிக்கப் போய்விடக் கூடாது. படம் இருக்கும் லேயருக்கு (அடுக்குக்கு) அடியில் அடர் சிவப்பு ஒன்றை ஊற்றி, 100 சதவீதத்தில் நெற்றி, காதோரம், தோள் மூன்றையும் பாருங்கள். பொத்தல் இருந்தால் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். வெள்ளைப் புடவைத் தோளுக்கு ஓரத்தை நாமே கோடு போட்டு வெட்டும் பென் டூல்தான், வேறு வழி கிடையாது. நரைமுடியும் வெள்ளைச் சுவருமாக இருந்தால் நான் ஒரு சோம்பேறித்தனம் செய்வேன்: பின்னணியையே வெளிர் நிறமாக வைத்துவிடுவேன். மிச்சமிருக்கும் சுவர் வெள்ளை கண்ணுக்கே படாது. நீல மேகம் கட்டாயம் வேண்டும் என்று செத்தவர் கேட்கப்போவதில்லை.

வெள்ளைத் தாளில் கறுப்பில் வரைந்த அம்மன் படம், லோகோ மாதிரியானதை வெட்டவே வேண்டாம். லேயரை, அடியில் இருக்கும் நிறத்தோடு கலக்கும் ‘மல்டிப்ளை’ மோடில் வைத்தால் வெள்ளை தானாக மறையும். வெளிர் நிறத்தின் மேல் மட்டும். அடர் நிறத்தில் கோடும் சேர்ந்து மறைந்துவிடும். வெட்டிய படத்தை ஜேபிஜியில் சேமித்துவிட்டு ‘வெள்ளை திரும்ப வந்துருச்சு’ என்று எனக்கு போன் செய்பவர்கள் இன்றும் உண்டு. ஜேபிஜியில் வெறுமை என்பதே கிடையாது. பிஎன்ஜியில் வையுங்கள். லேயரும் மாஸ்க்கும் அப்படியே இருக்கும் போட்டோஷாப் ஃபைலான பிஎஸ்டியையும் அழிக்காதீர்கள், திருத்தம் கேட்டு வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

காரியம் முடிந்ததும் அந்த பேனரை மாட்டுக் கொட்டகைக் கூரை ஒழுகுகிறது என்று எடுத்துப் போனார்கள். படம் உள்பக்கம் வருகிற மாதிரி நானே ஏறி நின்று கட்டினேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு பழைய கை