நடுப்புள்ளி தவறிய கண்ணாடி

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் மூட்டுவலி குறைந்ததில் மகிழ்ச்சி. உன் வகுப்புப் பையன் புதுக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுகிறான் என்று எழுதியிருந்தாய். அவனைத் திட்டாதே. சென்ற மாதம் நான் அதைத்தான் செய்தேன். இன்னும் மனம் ஆறவில்லை.

எட்டாம் வகுப்புப் பெண். இரு கண்ணுக்கும் மைனஸ் 6. கண்ணாடி போட்டால் தலை வலிக்கிறது, கரும்பலகை எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். போகப்போகப் பழகிவிடும் என்று அதட்டினேன். பிறகு ஒருநாள், ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பாடம் எழுதுவதைப் பார்த்தேன். அவள் அப்பாவும் நானும் அன்று மாலையே கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பவர் சரியாகவே இருந்தது. ஆனால் பெரியவர்கள் போடும் ஃபிரேம். கடையில் லென்ஸின் நடுப்புள்ளியை (ஒளி வளையாமல் நேரே செல்லும் இடத்தை) ஃபிரேமின் நடுவில் வைத்துப் பொருத்தியிருந்தார்கள். இரு நடுப்புள்ளிகளுக்கும் இடையே 64 மில்லிமீட்டர். அவளுடைய கண்பாவைகளுக்கு இடையே 56தான்.

நடுப்புள்ளியை விட்டு விலகிப் பார்த்தால் லென்ஸ் முப்பட்டகத்தின் வேலையைச் செய்யும். பள்ளியில் வெயிலைப் பிடித்து நிறம் பிரித்தோமே, அதே முப்பட்டகம். எவ்வளவு என்பதைப் பிரென்டிஸ் விதி சொல்கிறது: விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கு. 64-க்கும் 56-க்கும் வித்தியாசம் 8 மில்லிமீட்டர்; ஒரு கண்ணுக்கு அதில் பாதி, 0.4 செ.மீ. ஆக ஒரு கண்ணுக்கு 0.4 × 6 = 2.4; இரண்டுக்கும் 4.8. ஒரு மீட்டர் தூரத்தில் இரு கண்களின் காட்சியும் 4.8 செ.மீ. விலகும் என்றால், கடைசி பெஞ்சிலிருந்து ஆறு மீட்டர் தள்ளியுள்ள பலகையில் ஏறக்குறைய 29 செ.மீ.! அவ்வளவையும் ஒன்றுசேர்க்க அந்தக் குழந்தையின் கண்கள் நாள் முழுவதும் வெளிப்பக்கமாக விரிந்து போராடியிருக்கின்றன. கண்களுக்கு உள்நோக்கிக் குவிவது எளிது, விரிவது கடினம். ஒன்று மேலும் மற்றது கீழுமாகப் பார்ப்பது அதைவிடக் கடினம். கண்ணாடி கோணினால் அந்தச் சிரமம்தான் வரும்.

நீயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடியைக் கையில் பிடித்து, லென்ஸ் வழியாக ஜன்னல் கம்பியைப் பார். கம்பி ஒடிந்து விலகித் தெரியும். மெல்ல நகர்த்து. நெடுக்குக் கம்பியும் குறுக்குக் கம்பியும் லென்ஸுக்கு உள்ளும் வெளியும் ஒரே கோடாகச் சேரும்போது, அவை சந்திக்கும் இடத்தில் மைப்புள்ளி வை. இரண்டு லென்ஸிலும் வைத்து, இடைவெளியை அளந்து, பையனின் கண்பாவை இடைவெளியோடு ஒப்பிடு. சிலிண்டர் பவர் (திசைக்குத் திசை மாறும் பவர்) இருந்தால் இது அவ்வளவு துல்லியமாக வராது. நேரே மருத்துவரிடம் அழைத்துப் போ.

எங்கள் பெண்ணுக்குச் சிறிய ஃபிரேமில் வேறு கண்ணாடி வந்துவிட்டது. இப்போது இரண்டு கண்ணையும் திறந்தே எழுதுகிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பையனுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்ததும் எழுது.

அன்புடன்,
ராகவன்